ஓசூரிலிருந்து மும்பை எவ்வளவு நேரம்?

பெங்களூருவிலிருந்து மும்பைக்கு வான்வழியில் சுமார் 840 கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். ஓசூர்க்காரருக்கு இது பாதிக் கணக்குதான். பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம் ஓசூரிலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சாலையிலோ எண்பதை நெருங்கும். சிப்காட்டில் வேலை முடித்து மாலையில் கிளம்புகிறவர் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று நெரிசலுக்கு நெரிசல் ஊர்ந்து போக வேண்டும். அதற்கு இரண்டரை மணி நேரம், பாதுகாப்புச் சோதனை வகையறாவுக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஒதுக்கினால், வானில் பறப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தரையிலேயே கழிகிறது. சென்னைக்கு நிலைமை இன்னும் மோசம். வான்வழித் தூரம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர்தான். ஆனால் ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, வரிசையில் காத்திருந்து இறங்குவது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். முன்னும் பின்னும் கூட்டினால், கிருஷ்ணகிரி வழியாகக் காரிலேயே சென்னைக்குப் போயிருக்கலாம்.

நெடும் பயணத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு வட துருவத்தின் மேலாக விமானத்தை ஓட்டி வந்தார்கள். தட்டை வரைபடத்தில் சுற்றுவழியாகத் தெரிந்தாலும், உருண்டையான பூமியில் குறுக்குவழி அதுதான். சுமார் 14,000 கிலோமீட்டருக்குப் பதினேழு மணி நேரம். ஓசூரிலேயே விமான நிலையம் வந்து சாலையில் இரண்டு மணி நேரம் மிச்சமானால், அந்த நெடும் பயணத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். மும்பைப் பயணத்தில் அதுவே மூன்றில் ஒரு பங்கு. காலையில் போய் வேலையை முடித்து இரவே வீடு திரும்ப முடியுமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு மணி நேரம்தான். 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் பயணிக்கும் வகையில் விமான நிலையம் அமையும் என்று அறிவித்தார். அது முதலில் மும்பை, டெல்லி, ஹைதராபாத் விமானங்களுக்காகவே திட்டமிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெளிநாட்டு விமானங்கள் பிறகு வரட்டும்.

ஓசூர் ரோஜா வெளிநாடு போகிறதே, அதற்கு நெடுந்தூர விமானம் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குளிரூட்டிய லாரிக்கு நெரிசல் இல்லாத நள்ளிரவில் கிளம்பும் வசதி உண்டு. காலை பத்து மணிக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு அது இல்லை. பெங்களூரு மெட்ரோ வந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அது ஓசூர் வரை நீண்டு, விமான நிலையத் தடமும் முடிந்தாலும், ஒவ்வொரு நிலையத்திலும் நின்று போகும் ரயிலுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். நேரம் நிச்சயமாகும், பெரிதாகக் குறையாது.

உண்மையான முட்டுக்கட்டை ஓர் ஒப்பந்தம். 2008இல் திறக்கப்பட்ட தேவனஹள்ளி நிலையத்துக்கு, 25 ஆண்டுகள் வரை 150 கிலோமீட்டர் வான்வழித் தூரத்துக்குள் போட்டி நிலையம் வரக்கூடாது என்று மத்திய அரசு உறுதி கொடுத்திருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. முதலீடு செய்தவர்களுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வட்டம் கிலோமீட்டரில் வரையப்பட்டது. அதற்குள் இருக்கும் ஓசூர் பயணிக்குச் சாலையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை. 2033 வரை காத்திருக்காமல் விலக்குக் கேட்கும்போது தமிழ்நாடு மேஜையில் வைக்க வேண்டியது அந்த மணிக்கணக்கைத்தான்.