எலும்பை இணைக்கும் திருகாணி

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூரும் ஆவடியும் இரும்போடு பழகிய ஊர்கள். 1964ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது. மறு ஆண்டில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ‘விஜயந்தா’ என்னும் முதல் டாங்கி வெளிவந்தது. அருகிலுள்ள பாடியிலோ, உந்துவண்டிகளுக்குரிய திருகாணிகள் செய்யப்படுகின்றன. இரும்புத் துண்டுகளைப் பிரியாமல் பிணைக்கும் அச்சிறு பொருள், ஒடிந்த காலையும் பிணைக்கவல்லது என்பது வியப்பன்றோ!

முழங்காலுக்குக் கீழே முன்புறத்தைத் தடவினால் தோலுக்கடியில் தட்டுப்படுவது கணைக்கால் எலும்பு. அதன் நடுப்பகுதி கெட்டியான குழாய் போன்றது. மேல்முனையோ அகன்று, மேசைபோல் தட்டையாக இருக்கும். தொடையெலும்பின் இரு குமிழ்களும் அம்மேசையின்மீதே அமர்கின்றன. மேசையின் மேற்பரப்பில் வழவழப்பான குருத்தெலும்பு பரவியுள்ளது. உட்புறம் கடற்பஞ்சைப்போல் நுண்ணறைகள் நிறைந்தது. உடலின் பளுவைத் தாங்குமிடம் இத்துணை மென்மையாக இருப்பானேன்? அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்கே. ஆயின், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைக் கடக்கும் ஒருவரின் முழங்காலில், வெளிப்பக்கமாக ஒரு கார் மோதுகிறது எனக் கொள்வோம். முழங்கால் உட்புறமாக வளைகிறது. தொடையெலும்பின் வெளிக்குமிழ் சம்மட்டிபோல் இறங்கி மேசையைப் பிளக்கிறது. 1929ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் இருவர், காரின் உறுப்பொன்றின் பெயரையே இம்முறிவுக்குச் சூட்டி எழுதினர்.

நடுவெலும்பு முறிந்தால், அதனை நேராக நிறுத்தி மூங்கிற்பத்தை வைத்துக் கட்டியோ மாவுக்கட்டுப் போட்டோ பொறுத்திருப்பது பலருக்குப் போதும். உடலே எலும்பைக் கூட்டிவிடும். புத்தூர்க் கட்டின் புகழைக் கூறும் பலகைகளைத் தமிழ்நாட்டுச் சாலைகள் பலவற்றில் காணலாம். மூட்டின் மேசை பிளந்து விலகினால் நிலைமை வேறு. விலகியவாறே எலும்பு கூடினால் மேற்பரப்பு மேடுபள்ளமாகும், பளு ஓரிடத்தே குவியும், குருத்தெலும்பு தேயும். உள்ளே அமிழ்ந்த துண்டை, வெளியே இடும் எந்தக் கட்டும் மேலே தூக்கிவிடாது.

இங்கேதான் திருகாணி துணைக்கு வருகிறது. 1958இல் சுவிட்சர்லாந்தில் மோரிஸ் முல்லர் முதலிய அறுவை மருத்துவர்கள் ஒரு குழு அமைத்து, எலும்பிணைப்புக்குரிய விதிகளையும் கருவிகளையும் வகுத்தனர். பஞ்சுபோன்ற எலும்பில் செலுத்தும் திருகாணிக்கு மரை ஆழமாக இருக்கும். அதுவும் நுனிப்பகுதியில் மட்டுமே இருக்கும். நுனி, பிளவுக்கு அப்பாலுள்ள எலும்பைப் பற்றுகிறது. தலை, இப்பாலுள்ள துண்டை அழுத்துகிறது. முறுக்க முறுக்க இரண்டும் நெருங்குகின்றன. மரை பிளவுக்கு இப்பாலும் நீண்டிருந்தால் இரு துண்டுகளையும் ஒருங்கே பற்றி, இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும். நுட்பமெல்லாம் இதில்தான் அடங்கியுள்ளது. தலை எலும்பில் புதையாதிருக்க அதன்கீழ் வாஷர் இடுவதுண்டு. அளவு மிஞ்சி முறுக்கினால் மரை பிடியிழந்து வீணே சுழலும். தச்சர் அறிந்த தொல்லைதான். ஆனால் இங்கே மரத்தை மாற்ற இயலாது!

வெறும் பிளவாயின் இரண்டு மூன்று திருகாணிகளே போதுமானவை. மேசை அமிழ்ந்திருந்தால், அதனைக் கீழிருந்து மேலே தள்ளி, வெற்றிடத்தை இடுப்பெலும்பின் துகள்களால் நிரப்பி, தளத்தைத் தாங்கும் உத்தரங்கள்போலத் திருகாணிகளைக் குறுக்கே செலுத்துவர். பல துண்டுகளாய் நொறுங்கியதற்கு உலோகத் தகடும் வேண்டும்.

முறிவுற்ற காலில் வீக்கம் மிகுந்தால், குருதியோட்டம் தடைபட்டுத் தசைகள் அழியக்கூடும். விரல்கள் மரத்தலும் பாதம் குளிர்தலும் தாங்கொணா வலியும் அதன் அறிகுறிகள். ஆகவே காலை இழுப்பதும் எண்ணெயிட்டு நீவுவதும் தீங்கே. கிடந்த நிலையிலேயே காலை அசையாமல் கட்டி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை உள்ளது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில், விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறித்த தொகைவரை இலவசம்.

அறுவை முடிந்த சில நாளிலேயே முழங்காலை மடக்கிப் பழகத் தொடங்குவர்; இல்லையேல் மூட்டு இறுகிவிடும். காலூன்றி நடப்பதற்கோ, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். துருப்பிடியா எஃகினாலோ டைட்டானியத்தாலோ ஆன திருகாணி, தொல்லை தராதவரை, எலும்புக்குள்ளேயே தங்கிவிடலாம்.