போர்த்துக்கேயரின் உப்பு மிளகாய் விழுது

மிளகாயைக் காப்பதென்றால் வெயிலில் உலர்த்தி வற்றலாக்குவதே வழி என்று நாம் பழகியிருக்கிறோம். பறிப்புக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் பரப்பிய பழம் வெளுத்தும் பூஞ்சணம் பூத்தும் போவதையும் நாம் அறிவோம். வெயிலை நம்பாமல், உப்பை நம்பி மிளகாய்ப் பழத்தைப் பல மாதங்கள் காத்து வைக்கும் முறை ஒன்று போர்த்துக்கேய மக்களிடம் உண்டு. அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

எது அந்த விழுது?

போர்த்துக்கேயரின் காரச் சாந்தைத் தேடுவோர்க்கு ஒன்றல்ல, மூன்று எதிர்ப்படும். முதலாவது 'பிரி-பிரி'. ஊசி மிளகாயை எண்ணெயிலோ காடியிலோ ஊறவைத்துச் சுட்ட கோழியின் மேல் தடவுவது இது. இப்பெயர் சுவாகிலி முதலிய ஆப்பிரிக்க மொழிகளில் மிளகைக் குறிக்கும் 'பிலிபிலி' என்ற சொல்லோடு உறவுடையது. அச்சொல்லின் வேரைத் தேடினால் அரபி, பாரசீகம் வழியாக வடமொழியின் 'பிப்பலி'யில், அதாவது நம் திப்பிலியில் போய் நிற்போம். இரண்டாவது, தென் போர்த்துகலின் அலென்தேஜோ வட்டாரத்தில் காரமில்லாத பெரிய சிவப்பு மிளகாயை உப்பிலிட்டு அரைக்கும் விழுது. பன்றி இறைச்சியைச் சமைக்குமுன் இதில் ஊறவைப்பர். மூன்றாவது, அசோர் தீவுகளின் 'பிமென்தா மொய்தா'. 'அரைத்த மிளகாய்' என்பது அதன் பொருள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது இதனையே.

'பிமென்தா' என்பது போர்த்துக்கேய மொழியில் மிளகுக்கும் உரிய பெயர். மிளகைத் தேடிக் கடலில் சென்றவர்கள் அமெரிக்காவில் கண்ட புதிய காய்க்கும் பழைய பெயரையே இட்டனர். நம் முன்னோரும் அவ்வாறே 'மிளகு' என்பதோடு 'காய்' சேர்த்து 'மிளகாய்' என்றனர். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் கப்பல்களே அந்நூற்றாண்டில் மிளகாயை இந்தியாவிற்குக் கொண்டு வந்தன.

தீவிலிருந்து நூற்பாலைக்கு

அசோர், லிஸ்பன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் கடலில் உள்ள 9 தீவுகளின் கூட்டம். காற்றில் ஈரம் மிகுந்த அவ்விடத்தில் மிளகாயை வெயிலில் உலர்த்துவது எளிதன்று. ஆகவே கோடையின் முடிவில் பழுக்கும் பழத்தை அரைத்து உப்பிட்டு வைக்கின்றனர். மீனுக்கும் இறைச்சிக்கும் சேர்ப்பதோடு, உறையூற்றிய புதிய பாற்கட்டியின் மேலும் வைத்து உண்கின்றனர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தீவினர் பலர் பிழைப்பைத் தேடி அமெரிக்கா சென்றனர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபர்டு நகரங்களில் பருத்தி ஆலைகளில் நூற்றும் நெய்தும் வாழ்ந்தனர். அவ்வாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அவர்கள் கொண்டு சென்ற மிளகாய் விழுதோ அந்நகரக் கடைகளில் இன்றும் புட்டிகளில் விற்கப்படுகிறது.

செய்முறை

நன்கு சிவந்த, சதைப்பற்றுள்ள பழமே வேண்டும். வற்றலுக்கென்று பயிரிடும் மெல்லிய வகைகளில் தோலும் விதையுமே மிகும். அழுகியதையும் பூச்சி துளைத்ததையும் நீக்கிவிடுக. கழுவி, ஈரம் முற்றும் போகத் துணியில் பரப்பி ஆற்றிய பின் காம்பைக் களைக. காரம் குறைய வேண்டுவோர் விதையையும் நடுநரம்பையும் எடுத்துவிடலாம். மிளகாயின் காரப்பொருள் எண்ணெயில் கரையுமே அன்றித் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆதலால் தொடங்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், முடிந்தபின் சோப்பினால் கழுவுவதும் நன்று.

காம்பு நீக்கிய 1 கிலோ பழத்திற்கு 150 கிராம் கல்லுப்பு என்பது அளவு. தண்ணீர் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைத்து, பொடித்த உப்பைக் கலந்து, கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் இட்டு மெல்லிய துணியால் வேடு கட்டுக. உப்பு பழத்தின் நீரை வெளியே இழுக்கும். விழுது தன் சாற்றிலேயே மூழ்கும். நாள்தோறும் உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிவிடுக. 4 அல்லது 5 நாட்களில் பச்சை வாசனை அடங்கி மணம் மாறும். பின்பு 2 எலுமிச்சம் பழத்தின் சாற்றைக் கலந்து, கொதிநீரில் இட்டு உலர்த்திய சிறு புட்டிகளில் அடைத்து, மேலே ஒரு விரற்கடை அளவு எண்ணெய் ஊற்றுக. போர்த்துக்கேயர் ஊற்றுவது ஆலிவ் எண்ணெய்; நமக்கு நல்லெண்ணெய் பொருந்தும். குளிர்பெட்டியில் வைத்தல் நலம்.

எச்சரிக்கை

இதில் காவலாக நிற்பது உப்பேயன்றி எண்ணெய் அன்று. எண்ணெய் காற்றை மட்டுமே தடுக்கிறது. காற்றில்லாத இடத்தில், உப்பும் புளிப்பும் போதாதபோது வளரும் ஒருவகைக் கிருமி உயிருக்கே கேடு செய்யும் நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் எனப்படும் நோயை விளைவிக்கும் அந்நஞ்சை நிறத்தாலோ மணத்தாலோ கண்டறிய இயலாது. ஆகவே உப்பைக் குறைத்தல் கூடாது. மண்ணிலிருந்து அக்கிருமியின் வித்துக்களைக் கொண்டு வரக்கூடிய பூண்டைச் சுவைக்காகப் புட்டியில் சேர்த்து வைத்தலும் கூடாது. பூண்டு வேண்டுமாயின் சமைக்கும்போது சேர்த்துக்கொள்க. விழுதிலேயே உப்பு மிகுதியாக இருப்பதால் பண்டத்திற்கு உப்பிடுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கொதிப்புள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

பழுத்த மிளகாய் காத்திருக்காது. அதனால்தான் விலை விழுந்த வாரத்திலும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட நேர்கிறது. ஜாடியிலுள்ள விழுது காத்திருக்கும். முதலில் வீட்டில் 1 கிலோ செய்து சுவை பார்க்கலாம். பழம், உப்பு, எண்ணெய், புட்டி, கூலி ஆகியவற்றின் கணக்கை எழுதி வைத்து, கட்டுமா என்று கூட்டத்தில் ஆராயலாம். விற்பனைக்குச் செய்வதானால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதல் அவசியம். புளிப்பின் அளவைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்த பின்னரே புட்டியை வெளியே அனுப்ப வேண்டும். தனியொருவர்க்கு இச்செலவு பாரமாகும். பலர் கூடிப் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியதே.