பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர்?



ஆஸ்டின் டவுனிலும் அதையொட்டிய நீலசந்திரா, விவேக் நகர், ஈஜிபுரா பகுதிகளிலும் கூடிவரும் நம்முடைய சபைகளில், ஜெபவிண்ணப்பச் சீட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். வேலை, விவாகம், சரீர சுகம் என்ற வரிசையில் இப்பொழுது பாஸ்போர்ட்டும் சேர்ந்துவிட்டது. வளைகுடா நாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்த மகள், கப்பலில் சமையற்பணிக்கு அழைப்புப் பெற்ற மகன், பேரப்பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூர் செல்லவேண்டிய தாய் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. ஜெபிப்பது நல்லது, ஜெபியுங்கள். ஆயினும் காரியம் தடைப்படுவதற்கான காரணம் பல வேளைகளில் நம்முடைய அலமாரியிலேயே இருக்கிறது. அங்கிருக்கும் காகிதங்களில் நமக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன.

நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமின் அலங்கத்துக்காக உபவாசித்து அழுத அதே மனிதன், புறப்படுமுன் அர்தசஷ்டா ராஜாவினிடத்தில் வழியிலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதங்களையும் கேட்டுப் பெற்றான். அவனுடைய விசுவாசத்துக்கு அந்தக் கடிதங்கள் குறைவாகத் தோன்றவில்லை.

நம்மவர்களின் பெயர் எங்கே பிரிகிறது என்று பார்ப்போம். வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்களும் நம்மிடையே அநேகர். பிறப்புப் பதிவு ஓர் ஊரில், பள்ளிச் சான்றிதழ் வேறோர் ஊரில், ரேஷன் கார்டும் ஆதாரும் பெங்களூருவில். தமிழில் சொன்ன பெயரைக் கன்னட எழுத்தில் கேட்டு எழுதிக்கொள்ளும்போது ழகரம் தங்குவதில்லை. பழனி பளனி ஆகிறார். ஆங்கிலத்தில் ஒரு காகிதம் அந்த எழுத்துக்கு எல் போடும், மற்றொன்று இசட்டும் எச்சும் போடும். எழுதியவர்மேல் குற்றமில்லை; அவருடைய மொழியில் இன்று அந்த எழுத்து வழக்கில் இல்லை.

அடுத்தது இனிஷியல். தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதும். பாஸ்போர்ட் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்பதில்லை; அதை விரித்து எழுதவேண்டும். ‘ஆர். டேவிட்’ என்பவர் டேவிட் என்பதை இயற்பெயராகவும் ராஜமாணிக்கம் என்ற தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகவும் எழுதுகிறார். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைத்துவிடும். தொல்லை பிற்பாடு வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அதற்குள் விமானச்சீட்டு வாங்கியிருந்த பலர் கலங்கிப்போனார்கள். ஆகையால் முதல் விண்ணப்பத்திலேயே இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள்.

இவையெல்லாம் எல்லாத் தமிழருக்கும் பொதுவானவை. நமக்கென்று தனியாக ஒன்றுண்டு. இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெறும்போது அநேகர் வேதாகமப் பெயரைச் சூட்டிக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செல்வி, சபையில் எஸ்தர். இருபது ஆண்டுகளாக எஸ்தர் அக்கா என்றே தெரு முழுவதும் அறிந்திருக்கும். விசாரணைக்கு வரும் காவலர், “செல்வி வீடு எது?” என்று கேட்டால் அண்டை வீட்டார் ஒருவருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கு எஸ்தர் என்றும், ஆதார் செல்வி என்றும், திருமணச் சான்றிதழ் செல்வி எஸ்தர் என்றும் இருந்தால் அதிகாரி எதை நம்புவார்? (ஜாதிச் சான்றிதழின் நிமித்தம் பழைய பெயரை விடாமலிருக்கும் குடும்பங்களும் உண்டு. அது தனியே, பொறுமையாகப் பேசவேண்டிய விஷயம்.)

பழைய பெயரில் பாஸ்போர்ட் எடுப்பது சாட்சிக்கு இழுக்கு என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிய ஏற்பாட்டில் பவுலின் உடன்வேலையாட்களைப் பாருங்கள். அப்பொல்லோ என்ற பெயர் அப்பொல்லோன் என்னும் கிரேக்க தேவனை ஒட்டியது. எப்பாப்பிரோதீத்து என்பது அப்ரோதித்தே என்னும் தேவியின் பெயரிலிருந்து வந்தது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளின் பெயரும் கிரேக்கப் புராணத்துப் பெயரே. இவர்கள் பெயர் மாற்றிக்கொண்டதாக வேதத்தில் எங்கும் இல்லை; அந்தப் பெயர்களோடேயே சபைகளில் கனம் பெற்றார்கள். தானியேல் பாபிலோன் அரமனையில் பெல்தெஷாத்சார் என்று அழைக்கப்பட்டான். அதனால் அவன் ஜெபம் நின்றுபோகவில்லை.

எனவே பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ள பெயரிலேயே விண்ணப்பித்து, வேறு பெயரால் அறியப்படுகிறீர்களா என்று படிவம் கேட்கும் இடத்தில் சபைப் பெயரை மறைக்காமல் எழுதுவது எளிய வழி. ஞானஸ்நானப் பெயரே வேண்டும் என்போருக்கும் வழி அடைபடவில்லை. உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, அரசிதழிலும் வெளியிட்டு, அதன்பின் ஆதார், பான், வங்கி, வாக்காளர் அட்டை அனைத்தையும் அதே எழுத்துக்களில் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். ஆதாரில் பெயரை இருமுறைதான் வழக்கமான முறையில் மாற்ற இயலும். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை எழுத்துப்பிழைக்குச் செலவழித்துவிடாதீர்கள். போதகர் கொடுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், பிறந்த தேதிக்கு ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் இல்லை.

சிறுபிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்கவேண்டும். 2025 பிப்ரவரியில் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. மருத்துவமனைப் படிவத்தில் ஒரு பெயரும் குழந்தைப் பிரதிஷ்டையில் வேறொரு பெயரும் வைக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடுவது நலம். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பிரதிஷ்டை முடிந்ததும் பதிவாளரிடம் பெயரைச் சேர்த்துவிடுங்கள்; பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன்பின் பதினைந்து ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

சட்டம் இரக்கம் காட்டிய இடங்களும் உண்டு. 2016 டிசம்பர் முதல் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும். கணவனால் கைவிடப்பட்ட சகோதரிகள் இதை அறிந்திருக்கவேண்டும். திருமணச் சான்றிதழும் கட்டாயமில்லை. 2018 ஜூன் முதல் இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். சொந்த ஊருக்குப் போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்போர், பதினொரு மாத ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் கொண்டுபோய்த் திரும்பிவருகிறார்கள். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமே செல்லும்.

தரகரைக் குறித்து ஒரு வார்த்தை. விண்ணப்பமும் கட்டணமும் இணையத்தில், கவ்.இன் என்று முடியும் அரசுத் தளத்திலேயே நடக்கின்றன. அதைப்போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உண்டு. “பெயரை நான் சரிக்கட்டிவிடுகிறேன்” என்று பொய்ச் சான்று தயாரித்துத் தருபவர் பின்னர் காணாமற்போவார். படிவத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். அறிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவின்படி இரண்டாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் உங்கள் பாஸ்போர்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்டாலும் கொடாதிருங்கள். அது இந்திய அரசின் உடைமை என்று அதே சட்டம் சொல்லுகிறது. வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழை மறவாமல் காட்டவேண்டும். அது இல்லையேல் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி தனியே பெறவேண்டியிருக்கும்.

புதுப்பிப்போர் காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அநேக நாடுகள் ஆறுமாதச் செல்லுபடி கேட்பதால், கடைசி மாதம்வரை காத்திராதீர்கள்.

பெங்களூருவில் சேவா மையங்கள் 2010-லேயே திறக்கப்பட்டன. உங்கள் முன்பதிவுச் சீட்டில் எந்த மையம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அங்கேயே, மூல ஆவணங்களோடு செல்லுங்கள். முதல் கவுண்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுத்தபின், உங்கள் விவரங்களைத் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பின்னால் வரிசை நீண்டிருக்கும், ஊழியரும் அவசரப்படுத்துவார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்மார், ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, திரையிலுள்ள எழுத்துக்களை ஒவ்வொன்றாக அதனோடு ஒத்துப்பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.