சிறுவர் பூங்காவின் வரைபடத்தில் சிறுவர் எங்கே?

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்த கிராமம் செட்டிபாளையம். மாரியில் எந்த ஒழுங்கையில் முதலில் வெள்ளம் நிற்கும், கச்சான் வீசும் மாதங்களில் எந்த மரத்தடி குளிரும், கல்முனை வீதியை எவ்விடத்தில் கடப்பது ஆபத்து என்பதையெல்லாம் அங்குள்ள பத்து வயதுப் பிள்ளை நன்கறியும். ஆயினும் பாடசாலைக் கட்டடமோ விளையாட்டு மைதானமோ திட்டமிடப்படும்போது அப்பிள்ளையின் கருத்தைக் கேட்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய மீள்கட்டுமான அவசரத்தில் அதற்கு நேரமிருக்கவில்லை என்று கூறினால் ஏற்கலாம். இன்று அந்த அவசரம் இல்லை.

தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக்கூறும் உரிமை சிறுவர்க்கு உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. 1992இல் யுனிசெப் வெளியிட்ட கட்டுரையொன்றில், ரோஜர் ஹார்ட் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அதன் கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. திறப்பு விழாவில் மாலையேந்தி வெயிலில் நிற்கும் எமது பிள்ளைகள் அந்தக் கீழ்ப்படிகளிலேயே நிற்கின்றனர்!

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் போல் சற்குணநாயகம் அடிகளாரும் மற்றும் பலரும் இணைந்து 1996இல் மட்டக்களப்பில் ஆரம்பித்த வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், கதை புனைந்தனர். அது கட்டட வரைபடம் தயாரிக்கும் முயற்சியன்று. எனினும் பிள்ளையின் கையையும் கற்பனையையும் நம்பினால் இரு சமூகத்தாரும் ஒரே வேலையில் இணையலாம் என்பதை அது எமது மண்ணிலேயே காட்டியது.

வடிவமைப்பில் பிள்ளைகளைப் பங்காளராக்குதல் என்பது அவர்கள் கேட்பதையெல்லாம் கட்டிக்கொடுப்பதன்று. முதலில் அவர்களோடு அந்த நிலத்தைச் சுற்றி நடக்கவேண்டும். பின்னர் மணலிலும் மட்டையிலும் அவர்கள் மாதிரி செய்யட்டும். இயலாதது எது, ஏன் இயலாது என்பதைப் பொறியியலாளர் அவர்களிடமே விளக்கவேண்டும். வரைபடம் முடிந்ததும் மீண்டும் அவர்களிடம் வரவேண்டும். பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தக் கடைசி வேலைதான். கேட்டுவிட்டுத் திரும்பி வராதவரிடம் பிள்ளைகள் மறுமுறை மனந்திறந்து பேசுவதில்லை.

பெண்பிள்ளைகளைத் தனியாகவும் கேட்கவேண்டும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் இல்லை என்பதை அவர்கள் ஆண்பிள்ளைகள் முன்னிலையில் சொல்லமாட்டார்கள். மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபை அடுத்த சிறுவர் பூங்காவுக்கு மதிப்பீடு தயாரிக்கும் முன்னர் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். அதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.