அண்டை நாட்டு நட்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் வங்கக் கடலை அடுத்துப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று வழங்கினும் அது நன்னீர் நிலை அன்று. முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும், ஆரணி முதலிய ஆறுகளின் வழியே மழைநீரும் வந்து கலக்கும் காயல் அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது.

அவ்வேரிக் கரையிலுள்ள மீனவ ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. மீனும் இறாலும் மிகுதியாக அகப்படும் இடங்கள் ஏரியில் சிலவே. வலிமை மிக்கவர் நாள்தோறும் முந்திக்கொண்டு அங்கே வலையிடுவாராயின், எளியவர் வீட்டு அடுப்பில் பூனை உறங்கும். ஆகவே, உரிமையுடையோர் ஒன்றுகூடிச் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன இடத்தில் வலையிடுவது என முறை வகுத்துக்கொள்வர். ஒருமுறை நல்லிடம் பெற்றவர் மறுமுறை அதனைப் பிறர்க்கு விட்டுக்கொடுப்பர். இம்முறையிலும் குறை உண்டு. பரம்பரை உரிமை பெறாத குடிகள் இதற்குப் புறம்பே நிறுத்தப்பட்டனர். அதனால் பூசல்களும் எழுந்தன. எனினும், ஒரே நீரை நம்பிப் பலர் வாழவேண்டுமாயின், எல்லை மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதை இவ்வழக்கம் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

ஊர்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் கடலால் பிரிந்த அண்டை நாடுகள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. ஆயின், இந்தியா பரப்பில் இலங்கையைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு பெரியது. இத்தகைய இரு நாடுகளுக்கிடையே நட்புப் பேணுதல் எளிதன்று. பெருநாடு கூறும் யோசனையும் சிறுநாட்டின் செவிக்கு ஆணையாக ஒலிக்கும். சிறுநாடு கூறும் மறுப்போ பெருநாட்டிற்கு அவமதிப்பாகத் தோன்றும். இவ்வச்சமும் ஐயமும் வளராதவாறு, பேசித் தீர்த்து, தீர்த்ததை எழுதி, எழுதியபடி நடப்பதே அரசுகளின் தூதுறவு ஆகும்.

1974-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் பாக் நீரிணையில் கடல் எல்லையை வகுக்கும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி, ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அத்தீவிற்குச் சென்றுவர அவ்வுடன்படிக்கையில் இடம் இருந்தது. 1976-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது. அப்பொழுது, ஒரு நாட்டின் படகுகள் மற்றொரு நாட்டின் கடற்பகுதியில் மீன்பிடித்தல் ஆகாது என்றும் கடிதங்கள் மாற்றிக்கொள்ளப்பட்டன. கச்சத்தீவு விட்டுக்கொடுக்கப்பட்டதைத் தமிழ்நாட்டில் பலர் அன்று முதல் எதிர்த்து வந்துள்ளனர்.

வரைபடத்தில் கோடு விழுந்தது, மீன்களோ கோடறியாதவை. இலங்கை உள்நாட்டுப் போரின்போது வடபகுதி மீனவர் கடலுக்குச் செல்லக் கடுந்தடை இருந்தது. 2009-ஆம் ஆண்டில் போர் முடிந்து அவர்கள் சிறு படகுகளோடும் நூல்வலைகளோடும் தொழிலுக்குத் திரும்பியபொழுது, தமிழ்நாட்டு விசைப்படகுகளின் இழுவலைகள் அங்கே உலாவக் கண்டனர். இழுவலை கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்வது. குறுக்கிடும் சிறுவலைகளையும் அறுத்துவிடுவது. மறுபுறம், எல்லை தாண்டிய இந்திய மீனவர் கைதாயினர், படகுகளை இழந்தனர், உயிரிழந்தோரும் உளர். இக்கரையில் கணவன் வரவை நோக்கி நிற்பவளும் தமிழ் பேசுபவள். அக்கரையில் அறுந்த வலையைக் கண்டு கலங்குபவளும் தமிழ் பேசுபவள். இருவர் வீட்டிலும் பசி ஒன்றே.

இதற்குத் தீர்வு காண முயற்சிகள் நடவாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் இருநாட்டு மீனவரும் நேரிற் கூடிப் பேசினர். 2016-ஆம் ஆண்டில் இரண்டு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தன. 2017-ஆம் ஆண்டில் இலங்கை இழுவலையைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வாண்டிலேயே, பாக் நீரிணை மீனவர் இழுவலையை விடுத்து ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதற்கான திட்டத்தை இந்தியா தொடங்கிற்று. ஆனால் அம்மாற்றம் எண்ணிய விரைவில் நிகழவில்லை.

பெருநாட்டின் பெருமை எதில் உள்ளது? 2022-ஆம் ஆண்டில் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வாடியபொழுது இந்தியா கடனும் எரிபொருளும் உதவிற்று. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறிச் சென்றன. துன்பக் காலத்தில் நீண்ட அக்கை, தொழிற்காலத்தில் சற்றே அடங்குதலும் வேண்டும். சிறுநாடும், வயிற்றுப் பாட்டிற்காக எல்லை கடந்த ஏழையைப் பகைவனாகக் கருதாமல் இரக்கம் காட்டுதல் வேண்டும்.

தன் முறை முடிந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு பிறர்க்கு இடம்விடும் பழவேற்காட்டு மீனவர், உடன்படிக்கை எதனையும் படித்தவர் அல்லர். நாளையும் அதே நீரில் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டும் என்பதை அவர் அறிவார். அண்டை நாடுகளும் அத்தகையனவே. பகைத்தாலும் விலகிப் போக இடமில்லை. ஆதலின் நட்போடு வாழ்தலே அறிவுடைமையாகும்.