தொலைவிலிருந்து வைத்தியம்: அங்கத்தினர் அறியவேண்டியவை

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள நம் வேங்கிக்காலில் இருந்தபடியே இன்று கைப்பேசி வழியாக டாக்டரின் யோசனையைப் பெறலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை அதற்கு வழி செய்துள்ளது. தறியையும் மணிலாக் கொல்லையையும் விட்டு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுவதில்லை. ஆயினும், நாடி பிடியாமல், வயிற்றைத் தொட்டுப் பாராமல் மருந்து எழுதுவது முறையாகுமா என்ற கேள்வி எழுகிறது.

2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதற்கு விடை கூறுகின்றன. நோயாளி தாமே அழைத்தால் அதுவே சம்மதமாகும். சுகாதாரப் பணியாளர் அவருக்காக அழைத்தால், வெளிப்படையான சம்மதம் பெறவேண்டும். டாக்டர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் தெரிவிக்கவேண்டும். போதை மருந்துகளை எழுதித் தரலாகாது. நேரில் பார்த்தாலன்றித் தெளியாத நோயாயின், நேரில் வரச் சொல்வது அவர் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இரவல் கைப்பேசியில் பேசும் பெண்மணி, பிறர் கேட்க நோயைச் சொல்லத் தயங்குவார். பாதி மறைத்துச் சொன்ன நோய்க்கு எழுதும் மருந்து எங்ஙனம் பொருந்தும்? ஆகவே, கைப்பேசி கொடுப்போர் சற்று விலகி நிற்பீராக. கேட்க நேர்ந்ததை வெளியிடாதிருப்பீராக. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் கண்டால் மட்டும் யோசனைக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழைப்பீராக.