இல்லத்திலே கலைச்செல்வம்

வந்தாறுமூலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் வயலையும் வாவியையும் நம்பி வாழ்ந்து வந்த ஊர்கள். இவ்வூர்களிலே பழைய இல்லமொன்றினுள் நுழைவார் ஓவியக்கூடம் எதனையும் காணார். ஆயினும், விருந்தினர் முன்னே வைக்கும் பித்தளை வெற்றிலை வட்டா, மாலைதோறும் ஏற்றும் குத்துவிளக்கு, சாயமூட்டிய பன்னால் இழைத்த பாய், துணி சுற்றிப் பேணிய ஏட்டுச்சுவடி, பாட்டனார் கூத்திலே அரசனாக ஆடிய காலத்து முடி ஆகியவற்றுள் ஒன்றிரண்டையேனும் அங்கே காண்டல் கூடும். கலைச்சேகரிப்பு என்று எவரும் பெயரிடாத சேகரிப்பு அது.

அப்பொருள்களிற் பல இன்று இல்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி கூரைகளோடு சிலவற்றைக் கொண்டு சென்றது. நெடுங்காலப் போரும் இடப்பெயர்வும் வேறு சிலவற்றைச் சிதைத்தன. கரையோர ஊர்களில் எஞ்சியவற்றுட் பலவற்றை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வாரிச் சென்றது. இவையெல்லாம் மனிதரால் தடுத்தற்கு அரியன. ஆனால், வட்டாவை நிறுத்து உலோக விலைக்கு விற்பதும், ஏட்டுச்சுவடியைக் குப்பையென்று எரிப்பதும் இல்லத்தார் தாமே செய்பவை. ஆதலின் கலைப்பொருளைச் சேர்த்தல் என்பது, உள்ளதைக் கைவிடாமையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்த இத்தமிழ் மகனார் கற்றது நிலவியல். 1903ஆம் ஆண்டு முதலாக இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராய்ப் பணியாற்றியபொழுது ஊரூராகச் சென்றார். பாறைகளைத் தேடிச் சென்றவர் கண்ணிலே கொல்லரும், தச்சரும், குயவரும், நெசவாளரும் பட்டனர். அக்கைத்தொழில்கள் அழிந்துவருதலைக் கண்டு வருந்திய அவர், 1908ஆம் ஆண்டு வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற ஆங்கில நூலில் அவற்றை விரிவாகப் பதிவு செய்தார். ஓலையுறையும் பூட்டும் சீப்பும் கூட அந்நூலிலே கலையென இடம்பெற்றன. பயன்படு பொருள் வேறு, கலைப்பொருள் வேறு என்ற பிரிவினையை அவர் தம் வாழ்நாள் முழுதும் ஏற்றாரல்லர்.

பின்னர் வட இந்தியாவிலே பயணஞ்செய்து, இராசபுத்திர ஓவியங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்தார். அக்காலத்திலே அவ்வோவியங்களின் அருமையை அறிந்தோர் மிகச் சிலரே. தாம் திரட்டியவற்றைக் கொண்டு இந்தியாவிலே ஒரு தேசிய நூதனசாலை அமைய வேண்டுமென்று அவர் விரும்பினார். அவ்விருப்பம் கைகூடவில்லை. 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலை அவரையும் வரவேற்றது. அவர்தம் சேகரிப்பையும் ஏற்றுக்கொண்டது. 1947ஆம் ஆண்டு மறையும்வரை அவர் அந்நூதனசாலையிலேயே பணியாற்றினார். அவ்வோவியங்கள் அங்கே நன்கு காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும், அவற்றைப் படைத்த நாட்டிலே அவற்றுக்கு ஓர் இடம் வாய்க்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கதே.

இல்லமே கலைக்கு இடமளித்த வரலாறும் இலங்கையில் உண்டு. புகைப்படக் கலைஞரான லயனல் வெண்டின் கொழும்பு இல்லத்திலே 1943ஆம் ஆண்டு ஓவியர் சிலர் கூடி ‘43 குழு’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், மஞ்சுசிறீ முதலானோர் அதன் உறுப்பினர். வெண்ட் மறுவாண்டே மறைந்தார். அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் என்ற ஓவியர், தம் தோழர்களின் படைப்புக்களைக் கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்திலே பேணி வந்தார். 1974ஆம் ஆண்டு சபுமல் அறநிலையத்தை நிறுவி, இல்லத்தையும் ஓவியங்களையும் பொதுமக்களுக்கு உரியனவாக்கினார். வாழ்ந்த வீட்டின் சுவர்களிலேயே ஓவியங்கள் தொங்குவதால், காண்போர் அவற்றை நண்பர் வீட்டிற் காண்பது போலக் காண்கின்றனர்.

இவையெல்லாம் செல்வர்க்கே இயலும் என்று நேயர்கள் எண்ணலாம். நியூயோர்க் நகரில் வாழ்ந்த ஹேர்பட், டொரதி வோகல் என்னும் தம்பதியரின் வரலாறு இதற்கு விடையாகும். கணவர் அஞ்சல் நிலைய ஊழியர், மனைவி நூலகர். மனைவியின் ஊதியத்தில் இல்லறம் நடத்தி, கணவரின் ஊதியத்தில் ஓவியங்களை வாங்கினர். விலை தம் ஊதியத்துக்கு அடங்க வேண்டும், படைப்புத் தம் சிறிய வீட்டினுள் அடங்க வேண்டும் என்ற இரண்டே நெறிகளை வகுத்துக்கொண்டனர். புகழ்பெறாத இளங்கலைஞரையே பெரிதும் நாடினர். காலப்போக்கில் 4,000க்கும் மேற்பட்ட படைப்புக்கள் சேர்ந்தன. 1992ஆம் ஆண்டு வாசிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அவற்றை அளிக்க இசைந்தனர்.

மட்டக்களப்பிலும் இவ்வழி அடைபட்டதன்று. வந்தாறுமூலையிலே 1986ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதனைச் சார்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் உள்ளது. அங்கே பயிலும் இளைஞரின் ஓவியம் ஒன்றை வாங்கி வீட்டிலே மாட்டுவோர், ஓவியத்தோடு ஓவியரையும் பேணுபவராவர்.

இனி, சேர்த்த பொருளை வைக்கும் முறையைக் கருதுவோம். முதற்பகை வெயில். நீர்வண்ண ஓவியமும் சாயத்துணியும் நேர்வெயிலிலே நிறமிழக்கும். வெளுத்த நிறம் மீண்டும் வாராது. ஆதலின் சாளரத்துக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, வெயில் படாத பக்கச்சுவரைத் தெரிதல் நன்று. இரண்டாம் பகை ஈரம். வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே வாவிக்கரைச் சுவர்கள் நீர் கசியும். படச்சட்டத்தின் பின்னே நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று உலாவும். பூஞ்சணம் எளிதிற் பற்றாது. கண்ணாடி ஓவியத்தின்மீது நேரே படிதலும் ஆகாது. இடையிலே அட்டை விளிம்பு வேண்டும். படத்தின் நடுப்பகுதி, நிற்பவர் கண்மட்டத்தில் அமைதல் பொருத்தம். சுவர் முழுவதையும் நிரப்பினால் ஒன்றும் தெரியாது. சிலவற்றை மாட்டி, ஏனையவற்றைப் பேணி வைத்து, பருவந்தோறும் மாற்றலாம்.

பித்தளைப் பொருளைப் புளியிட்டு அடிக்கடி தேய்த்தால் அதன் சித்திர வேலை நாளடைவில் மழுங்கும். மென்துணியால் துடைத்து வருதலே பெரும்பாலும் போதும். கூத்து முடியைக் கறையான் எட்டாத உயரத்திலே வைத்தல் வேண்டும். வட்டாவை விருந்துநாளிற் பயன்படுத்துவதிலும் குறையில்லை. அது அதற்காகவே செய்யப்பட்டது.

வாங்குவோர்க்கு எச்சரிக்கையொன்றும் உண்டு. தமிழ்நாட்டின் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருவுருவத்தை அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டு பெருவிலை கொடுத்து வாங்கியது. 2014ஆம் ஆண்டு அதனை இந்தியாவிடம் திருப்பியளிக்க நேர்ந்தது. பெருங்கலைக்கூடமே ஏமாறுமாயின், இல்லத்தார் இரட்டிப்பு விழிப்போடிருத்தல் வேண்டும். வந்த வழி தெரியாத தெய்வத் திருவுருவத்தை வாங்கலாகாது. இலங்கையிலே 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், உரிய அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கின்றது.

எல்லாவற்றினும் எளியது, ஆனால் பெரும்பாலும் மறக்கப்படுவது, குறிப்பேடு. பொருளின் பெயர், செய்தவர் பெயர், ஊர், எவர் வழியே வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, புகைப்படமும் சேர்த்தல் வேண்டும். வரலாறு தெரியாத முடி பேரப்பிள்ளையின் கண்ணுக்குப் பழைய மரத்துண்டாகவே தோன்றும். எந்தக் கூத்திலே, எந்த ஆண்டிலே, எவர் தலையில் ஏறியது என்று அறிந்த பிள்ளை அதனை எளிதில் எறியமாட்டாது. இவற்றைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் பல இல்லங்களில் உள்ளனர். அவர்களை இருத்திக் கேட்டு எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை, காலந்தான் குறுகியது.